விஞ்ஞான மாணவன் எத்துறையை நாடுவது? விபுலாநந்த அடிகளார் வரலாறு காட்டும் வழி

கல்வி கற்குங் காலத்தில் மாணவனை எதிர்கொள்ளும் வினாக்கள் பல. அவற்றுள் விடை காண்டற்கு மிக அரியது, "நீ என்ன படிக்கப் போகின்றாய்?" என்னும் வினாவே. பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் கேட்கப்படும் வினாக்களுக்கு நூலில் விடையுண்டு, ஆசிரியரிடம் விளக்கமுண்டு. இவ்வினாவுக்கோ நூலும் இல்லை. திருத்திப் புள்ளியிடுவாரும் இல்லை. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயின்று, பரீட்சை எழுதி, பெறுபேறும் கைக்கு வந்தபின், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கற்கை நெறிகளை விருப்ப வரிசையில் நிரப்பவேண்டிய வேளையில், பேனாவைக் கையிற் பிடித்தபடி திகைத்து நிற்கும் மாணவர் நம் ஊர்களிற் பலர். வைத்தியமா, பொறியியலா, விவசாயமா, வெறும் விஞ்ஞானப் பட்டமா, அல்லது விஞ்ஞானத்தையே விட்டு வேறு துறையா என்னும் ஐயம் அவர்களை வாட்டுகின்றது.

இவ்வையம் இன்று புதிதாகத் தோன்றியதன்று. நூறாண்டுகளுக்கு முன் இதே மட்டக்களப்பு மண்ணில், இதே வாவிக்கரையில், மிஷன் பாடசாலையில் விஞ்ஞானமும் கணிதமும் கற்ற ஓர் இளைஞரும் இவ்வழியாகவே நடந்து சென்றார். அவர் இறுதியில் எத்துறையில் நின்றார் என்பதை நாமெல்லாம் அறிவோம். ஆனால் எவ்வழியாக அங்குச் சென்று சேர்ந்தார் என்பதை ஆண்டு தவறாது விழா எடுக்கும் நாம் அத்துணை ஊன்றிப் பார்ப்பதில்லை. அவரே விபுலாநந்த அடிகளார். அன்னாரின் வரலாற்றை, துறை தெரியாது மயங்கும் மாணவனின் கண்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அக்காலத்துக் கதவுகள்

முதலில், அந்நாளில் விஞ்ஞானம் கற்க விரும்பிய இளைஞனுக்குத் திறந்திருந்த கதவுகள் எத்தனை என்பதைப் பார்த்தல் வேண்டும். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870 இல் தொடங்கப்பெற்றது. அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரி 1893 இல் எழுந்தது. இலங்கையிற் பல்கலைக்கழகம் என ஒன்று அந்நாளில் இல்லை. பல்கலைக்கழகக் கல்லூரி 1921 இலேயே திறக்கப்பட்டது. அதுவும் தன் பெயராற் பட்டம் வழங்கவில்லை. இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய ஆண்டு 1942.

ஆகவே அந்நாளில் மட்டக்களப்பு மாணவன் ஒருவன் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினால், அவன்முன் நின்ற வழிகள் மூன்றே: கச்சேரியில் இலிகிதர் உத்தியோகம், பாடசாலையில் ஆசிரியத் தொழில், பொருள் வசதி இருந்தால் கொழும்புக்கோ கடல் கடந்தோ சென்று மேற்படிப்பு. தெரிவு குறைவாக இருந்த காலம் அது. இன்று தெரிவு மிகுந்துள்ளது. மயக்கமும் உடன் மிகுந்துள்ளது.

மயில்வாகனன் என்னும் மாணவர்

காரைதீவில் 1892 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27 ஆம் நாள் சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மைந்தராகத் தோன்றிய குழந்தைக்கு இட்ட பெயர் மயில்வாகனன். கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், பின்பு மட்டுநகர் அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கல்வி கற்றார். இந்துக் குடும்பத்துப் பிள்ளை, புரட்டஸ்தாந்தப் பள்ளியிலும் கத்தோலிக்கக் கல்லூரியிலும் கற்றமை அக்காலத்துக்கு இயல்பே. மிஷன் பாடசாலையிற் படித்த நாமும் அந்த நன்றிக்கடனை மறக்கற்பாலரல்லேம். அர்ச். மிக்கேல் கல்லூரியிலே கணிதத்தில் வல்லவரான பொனல் என்னும் யேசுசபைக் குருவானவரிடம் மயில்வாகனன் பெற்ற கணித அறிவு அவர் வாழ்நாள் முழுவதும் துணை நின்றது.

1908 ஆம் ஆண்டில், தம் பதினாறாவது வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். அடுத்து அவர் செய்தது என்ன? எல்லாரும் செய்ததையே செய்தார், ஆசிரியரானார். 1911 இல் கொழும்பு சென்று ஆசிரிய பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்தார். அடுத்த ஆண்டு பயிற்றப்பட்ட ஆசிரியராக வெளிவந்தார். ஊருக்குத் திரும்பித் தாம் கற்ற கல்லூரியிலேயே கற்பித்தார். நிலையான தொழில், மதிப்பான தொழில். நம் பெற்றோர் பலர் இந்த இடத்தில், "இனிப் போதும், மகன் கரை சேர்ந்துவிட்டான்" என்று மனம் அமைந்திருப்பார்கள்.

மயில்வாகனனாரோ 1915 இல் மறுபடியுங் கொழும்புக்குச் சென்றார். தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். தாமே ஆசிரியராய் இருந்த ஒருவர், திரும்பவும் வாங்கில் அமர்ந்து இரசாயனங் கற்கத் துணிவது எளிய காரியமன்று. 1916 இல் விஞ்ஞான டிப்ளோமாப் பட்டம் பெற்றார். ஈண்டு நாம் உற்று நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அதே 1916 ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டித பரீட்சையிலும் அவர் தேறினார். பகலில் பரிசோதனைக் குழாயும் அமிலமும். மாலையில் தமிழிலக்கணமும் இலக்கியமும். இரண்டையும் ஒருவரே ஒரே ஆண்டிற் செய்து முடித்தார்.

அதன்பின் 1917 இல் யாழ்ப்பாணம் சென்று அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகக் கடமையேற்றார். கற்பித்துக்கொண்டே கற்று, 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியானார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியும் அவரைத் தேடி வந்தது. வயது இருபத்தெட்டு, கையில் பீ. எஸ்ஸி. பட்டம், அதிபர் என்னும் பெருமை. அந்நாளைய உலகத்தார் கணக்குப்படி இதற்குமேல் வேண்டுவது ஒன்றுமில்லை.

ஆனால் 1922 இல் அனைத்தையும் விட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924 இல் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆனார். நாடு திரும்பிப் பாடசாலைகளை வளர்த்தார். கல்லடி உப்போடையில் சிவாநந்த வித்தியாலயம் 1929 இல் திறக்கப்பட்டது. 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். இரசாயனம் பயின்றவர் ஈரிடத்துந் தமிழுக்குப் பேராசிரியரானார்!

கற்ற விஞ்ஞானம் வீண்போயிற்றா?

இங்கே ஒரு கேள்வி எழும். தமிழிலேயே நிலைப்பதாயின் இரசாயனமும் பௌதிகமும் கற்ற ஆண்டுகள் வீண்தானே? "துறை மாறினால் அதுவரை படித்தது பாழ்" என்னும் அச்சமே இன்றைய மாணவரைப் பெரிதும் வருத்துவது. இதற்கு விடை அடிகளாரின் யாழ்நூலில் இருக்கின்றது.

வழக்கொழிந்த யாழ்க்கருவியின் இலக்கணத்தை மீட்டெடுத்தல் இலக்கியப் புலமை ஒன்றினால் மட்டும் ஆகக்கூடிய காரியமன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதி கூறப்படும் பகுதியை எத்தனையோ புலவர்கள் படித்திருந்தனர். சொல்லுக்குப் பொருள் தெரிந்தவர்க்கு நரம்பின் கணக்குத் தெரியவில்லை. கணக்குத் தெரிந்தவர்க்குச் சிலப்பதிகாரந் தெரியவில்லை. இரண்டுந் தெரிந்தவர் ஒருவர் வேண்டியிருந்தது.

கணக்கு யாதெனின், இழுத்துக் கட்டிய ஒரு நரம்பை மீட்டினால் ஓர் ஒலி எழுகின்றது. அதனைக் குரல் என்று கொள்வோம். அந்நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேற்றானத்தில் ஒலிக்கும், அதிர்வெண் இருமடங்காகும். மூன்றில் இரண்டு பங்கு நீளத்தை மீட்டினால் ஐந்தாம் நரம்பாகிய இளி பிறக்கும். நான்கில் மூன்று பங்கை மீட்டினால் நான்காம் நரம்பாகிய உழை பிறக்கும். இவ்விகிதங்களை மீண்டும் மீண்டும் பெருக்கியும் வகுத்தும் செல்லச் செல்ல ஏழு நரம்புகளின் நிலையும், அவற்றுக்கிடையே நிற்கும் அலகுகளின் அளவும் வெளிப்படும். உயர்தர வகுப்பில் நாம் பௌதிகவியலிற் கற்கும் இழை அதிர்வு இதுவேயன்றி வேறன்று. அக்கணக்கைப் பழந்தமிழ்ச் செய்யுளின்மேல் வைத்துப் பார்த்தவர் அடிகளார். பல்லாண்டு உழைப்பின் பயனாகிய யாழ்நூல் 1947 ஆம் ஆண்டு சூன் மாதத்தில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19 ஆம் நாள் அடிகளார் இறைவனடி சேர்ந்தார்.

அதுமட்டுமன்று. 1936 இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு அடிகளார் தலைமை தாங்கினார். விஞ்ஞானப் பாடங்களைத் தமிழிற் கற்பிக்கத் தகுந்த சொற்களை ஆக்கும் அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்கள் என்னும் நூல் 1938 இல் வெளிவந்தது. இரசாயனங் கற்ற தமிழ்ப் புலவர் இப்பணிக்குத் தக்கவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? தமிழில் விஞ்ஞானங் கற்கும் நமக்கு அந்த உழைப்பின் பயன் இன்றுங் கிடைத்துக்கொண்டிருக்கின்றது. அடிகளார் விஞ்ஞானத்தை விட்டுத் தமிழுக்குப் போனார் என்று கூறுதல் பிழை. விஞ்ஞானத்தையும் எடுத்துக்கொண்டே தமிழுக்குப் போனார் என்பதே மெய்.

வேறு சிலர் வரலாறுகள்

ஒருவர் வரலாற்றை மட்டுங் கொண்டு முடிவு கட்டுதல் தகாது. பிறர் சிலரையும் நோக்குவோம்.

திருச்சியிற் பிறந்த ச. வே. இராமன் 1907 இல் சென்னை மாநிலக் கல்லூரியில் எம். ஏ. பட்டம் பெற்றார். பௌதிகத்திற் பேரார்வம் இருந்தும், அந்நாளில் இந்தியரான ஒருவர் விஞ்ஞானத்தால் உண்டு உடுத்து வாழ வழி அரிது. ஆகவே நிதித்துறைப் பரீட்சை எழுதிக் கல்கத்தாவில் கணக்கு அதிகாரியானார். ஆனால் அலுவலக நேரம் போக எஞ்சிய காலையும் மாலையும் அவ்வூர் விஞ்ஞானச் சங்கத்து ஆய்வுகூடத்திற் கழிந்தன. பத்தாண்டுகள் இவ்வாறு சென்றபின், 1917 இல், சம்பளங் குறைவென்று தெரிந்தும் அரசாங்க உத்தியோகத்தைத் துறந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரானார். 1930 இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அடிகளார் பட்டம் பெற்ற அதே 1920 இல் இராமன் மிருதங்கம் முதலிய தோற்கருவிகளின் ஒலியை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார் என்பது இன்பந்தரும் ஒற்றுமை. ஒருவர் தோற்கருவியையும் ஒருவர் நரம்புக்கருவியையும் ஆராய்ந்தனர். இருவர்க்குங் கருவியாய் நின்றது ஒரே பௌதிகம்.

இங்கிலாந்திலே சாள்ஸ் டார்வின், வைத்தியராகிய தந்தையின் விருப்பப்படி 1825 இல் எடின்பரோவில் வைத்தியம் படிக்கச் சென்றார். சத்திரசிகிச்சையைக் காணப் பொறாது 1827 இல் அதனைக் கைவிட்டார். பின்பு குருவானவர் ஆவதற்கென்று கேம்பிரிட்ஜ் அனுப்பப்பட்டார். 1831 இல் பீகிள் கப்பல் புறப்பட்டபோது அவர் வைத்தியருமல்லர், குருவுமல்லர். துறை தெரியாத இருபத்திரண்டு வயது இளைஞர். அவரே உயிரியலின் போக்கையே மாற்றினார்.

துறை மாறாது நின்று உயர்ந்தோரும் உளர். 1918 இற் பிறந்த ஈழத்துத் தமிழ்க் கணித மேதை எலியேசர், கேம்பிரிட்ஜில் டிராக் என்னும் பேரறிஞரின்கீழ் ஆய்ந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முப்பது வயதை ஒட்டியே கணிதப் பேராசிரியரானார். அவர்க்குக் கணிதமே தொடக்கம், கணிதமே முடிவு. ஆகவே துறை மாறுதலே சிறப்பென்று கூறுவார் கூற்றும் பொருந்தாது.

இன்னொருவரையும் நினைத்தல் வேண்டும். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் நம் இளைஞர்க்கு மேனாட்டு வைத்தியங் கற்பித்தார்; பின்னாளில் தமிழிலேயே கற்பித்தார். கெமிஸ்தம் என்னும் இரசாயன நூல் 1875 இல் தமிழில் வெளிவந்தது. தமிழிற் கற்ற வைத்தியர் பட்டினத்து உத்தியோகம் நாடிப் போய்விடாமல் தம் சனங்களின் நடுவிலேயே தங்குவர் என்பது அவர் எண்ணம். "என்ன படிப்பது?" என்னும் வினாவுக்குள்ளே "யார்க்காகப் படிப்பது?" என்னும் வினாவும் அடங்கியிருப்பதை அப்பெரியார் அன்றே கண்டார்.

இன்றைய மாணவன் நிலை

இனி நம் ஊருக்கு வருவோம். குருக்கள்மடம் கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக அமைந்த ஊர். வாவிக்கு அப்பால் அம்பிளாந்துறையும் படுவான்கரை வயல்களும். பாதையேறி அக்கரை சென்று வேளாண்மை செய்து வந்த பணத்திலும், தாய்மார் காதிற் கழுத்திற் கிடந்ததை அடகு வைத்த பணத்திலும் ரியூசன் வகுப்புகளுக்குச் சென்றவர்களே நம்மிற் பலர். ஆதலின் துறை தெரிதல் நமக்குப் பொழுதுபோக்கு வினாவன்று. குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பு அதிலே தங்கியுள்ளது. "டொக்டர் அல்லது என்ஜினியர்" என்று பெற்றோர் கூறுவது பேராசையால் அன்று. அவ்விரண்டைத் தவிர வேறு வழி எதனையும் அவர்கள் கண்ணாற் கண்டதில்லை என்பதால்.

கதவுகளோ இன்று பெருகியுள்ளன. 1981 இல் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. விஞ்ஞானமும் விவசாயமும் அங்குண்டு. வைத்தியமும் தாதியியலும் பின்னர் வந்தன. 1908 இல் தேறிய மயில்வாகனனார் பட்டம் பெறப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. நமக்கோ பல்கலைக்கழகம் பேருந்தில் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கின்றது.

ஆயினும் இடங்கள் குறைவு, விரும்புவோர் மிகுதி. மாவட்ட அடிப்படையிலும் இடங்கள் பகிரப்படுவதால் நம் மாவட்டத்தார்க்கு ஓரளவு வாய்ப்பு உண்டு. மூன்று முறை பரீட்சை எழுதலாம் என்னும் விதியும் உண்டு. இந்த மூன்று முறையையும் வைத்தியம் என்னும் ஒரே கதவைத் தட்டுவதிற் செலவிட்டு, மனமுடைந்து, கிடைத்த இடத்தையும் வெறுப்போடு ஏற்கும் நண்பர்களை நாம் காண்கின்றோம். ஒரு நண்பர் விவசாய பீடத்துக்கு அனுமதி கிடைத்த நாளில் வீட்டில் இழவு விழுந்ததுபோல் இருந்தது என்றார். நெல்லால் வாழும் மாவட்டத்தில் விவசாய விஞ்ஞானம் இழவாகுமோ? 1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2004 டிசம்பர்க் கடல்கோளையுங் கண்ட கரையில், மண்ணையும் நீரையும் வானிலையையும் அறிந்தவர் தேவையில்லையோ? வாவியின் மீனும் இறாலும் கண்டற்காடும் யாருடைய ஆராய்ச்சிக்காகக் காத்திருக்கின்றன? படுவான்கரைப் பாடசாலையிற் பௌதிகவியல் கற்பிக்க வேண்டிய ஆசிரியர் எங்கிருந்து வருவார்?

வரலாறு தரும் பாடங்கள்

மேற்கூறிய வரலாறுகளால் நாம் பெறுபவை நான்கு.

முதலாவது, முதற்பட்டம் வாழ்நாள் விலங்கன்று. பதினாறு வயதில் ஆசிரியரான மயில்வாகனனார் இருபத்துமூன்றில் மாணவர்; இருபத்தெட்டில் அதிபர்; முப்பதில் துறவறம் நாடியவர்; ஐம்பத்தொன்றில் பல்கலைக்கழகப் பேராசிரியர். விண்ணப்பப் பத்திரத்தில் முதலில் எழுதும் வரி நம் தலையெழுத்து அன்று.

இரண்டாவது, ஐயம் தீரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருத்தலாகாது. அடிகளாரும் இராமனும் தெளிவு பிறக்கட்டும் என்று சும்மா இருந்தாரல்லர். கிடைத்த தொழிலைச் செவ்வனே செய்துகொண்டே விரும்பிய துறையையும் வளர்த்தனர். செய்கையினாலேயே தெளிவு பிறந்தது.

மூன்றாவது, எதனையும் அரைகுறையாய்க் கற்று விட்டவர்க்கு இந்த வரலாறு துணைநில்லாது. அடிகளார் இரசாயனத்தில் தோற்றுத் தமிழுக்கு வந்தவரல்லர். தேறிய பின்னரே வந்தார். ஆழமாகக் கற்றதனாலேயே அக்கணக்கு யாழ்நூலில் உதவியது. "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்பதற்கும் "இது எனக்குக் கடினமாயிருக்கிறது" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு மாணவனுந் தன் நெஞ்சறியச் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

நான்காவது, துறையைத் தெரியும்போது ஊதியத்தையும் மதிப்பையும் எண்ணுதல் குற்றமன்று. வயிறு உள்ளவர்க்கு அது கடன். இராமனும் பத்தாண்டு அதனை எண்ணியே உத்தியோகம் பார்த்தார். ஆனால் அதனோடு நின்றுவிடாது, "என் ஊருக்கு இதனால் யாது பயன்?" என்னும் கேள்வியையும் உடன் வைத்தல் வேண்டும். மிஷன் பாடசாலையில் நாம் கேட்ட தாலந்து உவமையின் உட்பொருளும் இதுவே: பெற்ற பொருளைப் புதைத்து வைத்தவனே குற்றவாளி; பெருக்கியவன் அல்லன்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ஐயுறுவது சோம்பலால் என்று எண்ணாதீர்கள். சிந்திப்பவனுக்கே ஐயம் வரும். "இதைப் படி" என்று ஆணையிடுவதற்கு முன்னர், "எதைப் படிக்கும்போது உனக்கு நேரம் போவது தெரிவதில்லை?" என்று ஒருமுறை கேளுங்கள். இளைஞர் மன்றங்களும் விழாவோடு நின்றுவிடாது, பெறுபேறு வெளியாகும் காலத்தில், பலதுறை கற்ற நம் ஊரவரை ஓரிடத்தில் இருத்தி, மாணவரும் பெற்றோரும் வினாவித் தெளிய வழி செய்தல் நன்று. நம் ஊரிலே தாதியரும் நில அளவையாளரும் கணக்காய்வாளரும் விவசாய உத்தியோகத்தரும் உளர். அவர்கள் என்ன படித்தார்கள், எப்படிப் போனார்கள் என்பது அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாது.

கல்லடியில் இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் விபுலாநந்தர் பெயர் தாங்கி நிற்கின்றது. இசையும் நடனமும் நாடகமும் ஓவியமும் கற்பிக்கும் அந்நிறுவகத்துக்கு ஓர் இரசாயன ஆசிரியரின் பெயர் பொருந்தியவாறு என்னே! உயர்தர விஞ்ஞான வகுப்பிலே துறை தெரியாது மயங்கும் மாணவன் அப்பெயரை ஒருகணம் நின்று படிப்பானாக. வழி ஒன்றே என்று அஞ்சவேண்டா. வழியே இல்லை என்று சோரவும் வேண்டா. கையிலுள்ள பாடத்தை இன்று நன்கு கற்போம். நாளை திறக்குங் கதவுக்கு அதுவே திறவுகோலாகும்.